மகள் மீது விழுந்த பழி

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள் வட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. அப்போது சேமிப்பில் இருந்த பணத்தில், மை ஊற்றிப் பாவிக்கும் பிரின்டர் ஒன்றை வாங்கினேன். அதனால் சென்ற தவணையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் அது பயன்படலாம்.

மறுநாள் காலை பதினோராம் தரத்துக்கு இஸ்லாம் பாட மாதிரிப் பரீட்சை. இஷாத் தொழுதுவிட்டு வந்து வினாத்தாளை அச்சிடக் கொடுத்தேன். அசைவில்லை. ஐந்து முறை கொடுத்துப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, தாள் நகரவில்லை.

"யார் இதில் கை வைத்தது?" என்று சத்தமிட்டேன்.

"போன கிழமை மகள் சயன்ஸுக்குப் படம் எடுத்தா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடல்லயே" என்றாள் மனைவி.

முதல் பாதி மட்டுமே என் காதில் விழுந்தது. எட்டாம் தரத்தில் படிக்கும் மகளை அழைத்து, தம்பிமார் முன்னிலையிலேயே ஏசினேன்.

"நான் ஒண்டும் பழுதாக்கல்ல வாப்பா" என்றாள். அதற்கும் ஏசினேன். அழுதுகொண்டே போனவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அடுத்த வீட்டில் கம்பியூட்டர் திருத்தும் தம்பி ஒருவர் இருக்கிறார். அழைத்ததும் வந்தார். வயர் இறுக்கமாக இருக்கிறதா, தாள் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பியூட்டரில் அச்சுக்காகக் காத்திருக்கும் வரிசையைத் திறந்தார்.

"மௌலவி, இதப் பாருங்க. ஆறு நிக்குது. முதலாவது சிக்கினா பின்னால உள்ளது ஒண்டும் போகாது."

பின்னால் நின்ற ஐந்தும் என் வினாத்தாள். முன்னால் சிக்கி நின்றது இரண்டு நாட்களுக்கு முன் நான் அனுப்பிய கடிதம்! பிரின்டருக்கு மின்சாரம் இல்லாததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டு, மறந்துபோயிருந்தேன். மகளுடைய படம் அங்கே இல்லவே இல்லை.

வரிசை முழுவதையும் அழித்து, கம்பியூட்டரையும் பிரின்டரையும் நிறுத்தி மீண்டும் போட்டார். தாள் வந்தது. ஆனால் எழுத்துகள் பாதிக்கு மேல் இல்லை. மைத் தாங்கியிலோ மை நிறைய இருந்தது. பிரின்டரிலேயே உள்ள சோதனைத் தாளை எடுத்தார். கறுப்புக் கோடுகள் அங்குமிங்கும் அறுந்து கிடந்தன.

"எப்படி ஓஃப் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சுவர் சுவிட்சால்தான்" என்றேன்.

அது 2022இல் வந்த பழக்கம். அந்த ஆண்டு ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் ஏறியபோது, இரவில் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்திக்கொண்டு வருவேன். மகள் படம் எடுத்த அன்றும், கடைசித் தாள் வெளியே விழுந்த கையோடு நிறுத்தியவன் நான்தான்.

"பிரின்டரின் சொந்தப் பட்டனை அமர்த்தினால் மை தெளிக்கும் தலை தன் மூலைக்குப் போய் நிற்கும். அங்கே ஒரு மூடி அதன் துளைகளை அடைத்துக்கொள்ளும். இடையில் கரண்டை நிறுத்தினால் தலை திறந்தபடி நின்று, மை காய்ந்து துளைகளை அடைத்துவிடும்" என்று விளக்கினார். பிறகு கம்பியூட்டர் வழியாகத் தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையை இரண்டு முறை கொடுத்தார். பாதி கோடுகள் திரும்பின. "இன்னும் செய்தா மைதான் வீண். ஊறட்டும், காலையில ஒருக்காப் பாருங்க" என்று சொல்லிச் சென்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்விப்பட்டதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பிப்பவன் நான். என் வீட்டில், என் மகளிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

சுபஹுக்குப் பின் பிரின்டரிடம் போகவில்லை. மகளிடம் போனேன். தம்பிமாரையும் கூப்பிட்டு, அவர்கள் கேட்கும்படியாகவே, "வாப்பா செய்ததுதான் பிழை. நீங்க ஒண்டும் செய்யல்ல. மன்னிச்சிக்கங்க மகள்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேப்பர் எடுத்தாச்சா வாப்பா?" என்று கேட்டாள்.

இருவருமாகப் போய் மூன்றாம் முறை சுத்தம் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், கோடுகள் முழுமையாக வந்தன. வினாத்தாளின் இரண்டு பக்கங்களையும் அவளே எடுத்துத் தந்தாள். மிகுதிப் பிரதிகளைப் பாடசாலையில் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பிரின்டர் அச்சிட மறுத்தால் வயர், தாள், காத்திருக்கும் வரிசை, சோதனைத் தாள் என்று ஒழுங்காகப் பாருங்கள். கிழமைக்கு ஒரு முறையாவது நிறத்தில் ஒரு தாள் எடுங்கள்; மை காயாது. மீதித் தாள்களைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஈரம் பிடித்த தாள் சிக்கும். இவற்றையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை பிள்ளைகளை ஏசாதீர்கள்.

இப்போது எங்கள் சுவர் சுவிட்சுக்கு மேல் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. "முதலில் பிரின்டர் பட்டன், பிறகு இது" என்று மகள் எழுதி ஒட்டியது. ஒவ்வோர் இரவும் அதை வாசித்த பிறகே சுவிட்சில் கை வைக்கிறேன்.