22 மில்லிமீற்றர்

ஸ்தேனில் நாங்கள் இருக்கும் வீட்டில் மேசை என்று சொல்லக்கூடியது ஒன்றுதான், அது சமையலறையில் இருக்கிறது. போன மாரி முழுவதும் அதன் ஒரு பாதியில் ஒரு நீராவி எஞ்சின் கிடந்தது. எஞ்சின் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குவது. பித்தளைத் தகட்டில் வெட்டிய துண்டுகளாகப் பெட்டிக்குள் வரும், நாமே மடித்து, ஈயம் பற்றவைத்துப் பொருத்த வேண்டும். மாதிரி ரயில் சந்தையொன்றில் ஒரு கிழவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் பாதியில் கைவிட்ட ஆங்கிலேயத் தயாரிப்பு. ஆறு சில்லு.

"இஞ்ச பாருங்கோ, சோறு வைக்கிற மேசையில ஈயம் உருக்கிறியள்" என்று மனைவி முதல் நாளே சொன்னாள். நியாயமான பேச்சு. அதன்பிறகு பழைய மரப்பலகை ஒன்றை விரித்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லா சப்பலைத்தான் காட்டுவேன். முப்பது வருடமாகக் கருவாடும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற ரூ காய். பிரெஞ்சுக்காரர் 'காய்' என்று உச்சரிப்பதால், மரக்கறிக் கடைகளுக்குப் பொருத்தமான பெயர் என்று எங்களுக்குள் பகிடி விடுவோம். ஓய்வு பெற்ற பிறகுதான் பெயர்ப்பலகையை நின்று பார்த்தேன். ஜான்-பிரான்சுவா காய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின்கள் கட்டிய முதலாளி. அவருடைய தொழிற்சாலையில் 1852இல் செய்த கிராம்ப்டன் எஞ்சின் ஒன்று இன்றும் முலூஸ் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்துத் தெருவின் பெயருக்குரிய பெர்தோனேயும் ரயில்பாதைப் பொறியியலாளர். அரிசி மூட்டையோடு இந்த இரண்டு பேர் மேலும் இவ்வளவு காலம் நடந்து திரிந்திருக்கிறேன்.

ஐயா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் ரயில்வேயில் பாதை பார்க்கும் ஆள். மல்லாகத்தில் வீடு, தெல்லிப்பழைக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின் ஓடியது. நான் கண்டதெல்லாம் டீசல்தான். கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த எஞ்சின்களும் அதில் இருந்தன, அவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று பெயர். ஊரில் பாதிப்பேர் பின்னாளில் ஒன்ராறியோவுக்கே போய்ச் சேருவார்கள் என்று அப்போது யார் கண்டது!

எங்கள் தண்டவாளத்தின் அகலம் 5 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் சரியாக 22 மில்லிமீற்றர் வருகிறது. கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளம் 16.5. அதில் ஓடினால் அது எங்களுடைய கோச்சி அல்ல. எனவே எஞ்சினின் இரண்டு பக்கச் சட்டங்களையும் விலக்கி, நீளமான அச்சுகள் போட்டு 22க்கு மாற்றினேன். தண்டவாளத்தையும் கையால்தான் போட வேண்டியிருந்தது. பலகையில் கட்டை ஒட்டி, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்து ஒன்றரை மீற்றர்.

கையால் போட்ட பாதை சமமாக இருக்குமா? வில் இல்லாத இறுக்கமான சட்டத்தில் ஆறு சில்லையும் பூட்டினால், நொண்டிக் கதிரை மாதிரி மூன்றோ நாலோதான் நிலத்தைத் தொடும். சில்லு வழியாகத்தான் மின்சாரமும் ஏறுகிறது. தொடாத சில்லால் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. ஒரு மூட்டில் ஒவ்வொரு தடவையும் தடம் புரண்டது.

பெட்டியோடு வந்த தாளில் இதற்கு வழி இல்லை. ஆங்கிலேயப் பொழுதுபோக்காளர்கள் எழுதியவற்றைத் தேடி வாசித்தேன். அச்சு ஓடும் துளையைச் சட்டத்தில் மேல்கீழாக நீட்டி வெட்டி, அதற்குள் வழுக்கி ஏறி இறங்கும் பித்தளைக் குண்டு வைக்க வேண்டும். சட்டத்தில் நாலு நிலையான பிடிகள், அவற்றுக்கு நடுவே மூன்று அச்சுக் குண்டுகள். எல்லாவற்றினூடாகவும் ஒரே உருக்குக் கம்பி முன்னிருந்து பின்வரை ஓடும். எஞ்சினின் பாரம் அந்தக் கம்பியைக் கொஞ்சம் வளைக்கும். அரை மில்லிமீற்றர் வளைந்தால் போதும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் கம்பி அதைக் கீழே அழுத்திப் பிடிக்கும். கம்பியின் இரண்டு முனையையும் ஒட்டிவிடக்கூடாது, அது பிடிகளுக்குள் வழுக்க வேண்டும். நான் ஒட்டினேன். பிறகு கழற்றினேன்.

அந்தக் கம்பி கித்தார் நரம்பு. மகளுடைய கித்தாரில் அறுந்த மெல்லிய நரம்பு 10ஆம் எண், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. அதைப் போட்டேன், எஞ்சின் குந்திவிட்டது. 12ஆம் எண்ணுக்கு மாறினேன். விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுமாம். மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். சில்லுகளைச் சேர்க்கும் இணைதண்டும் நடுவில் மடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிய இரண்டு கிழமை ஆயிற்று. ஒரே துண்டாக இருந்தால் வில் இருந்தும் பயன் இல்லை. அதை அறுத்து ஊசித் தடிப்பில் மூட்டு வைத்த இரவு எனக்குக் கை நடுங்கியது.

வேலை செய்யும்போது ஐயாவின் ஒரு தொலைபேசிப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. 2003 என்று நினைக்கிறேன், சமாதான காலம். 1990இல் கோச்சி நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று, "தம்பி, மூட்டில கல்லு இறங்கினா வண்டி ஆடும். ஆட்டம் ஒண்டுமில்லை. சில்லு தூக்கக்கூடாது, அதுதான் விசயம்" என்று தொடங்கினார். இல்லாத பாதையைப் பற்றி இவர் ஏன் இப்போது கதைக்கிறார் என்று எனக்கு எரிச்சல். லா சப்பலில் வாங்கிய கார்ட்டில் நிமிடங்கள் முடியப்போகின்றன. "சரி ஐயா, மருந்து எடுத்தனீங்களோ?" என்று கேட்டு வெட்டிவிட்டேன். பாதத்தை மூட்டில் வைத்தே பள்ளத்தைக் கண்டுபிடிப்பார் என்று அம்மா சொல்லுவா. எப்படி என்று நான் கேட்கவே இல்லை.

2012இல் போய்விட்டார். என்னிடம் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம், அதில் எல்லா நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது, எங்கள் வீட்டுப் பக்கத்தால்.

பங்குனியில் ஒரு ஞாயிறு எஞ்சினை ஓடவிட்டோம். பொயிலருக்குள் தூண்டில் ஈயம் நிரப்பி, பாரம் நடு அச்சுக்கு மேல் விழும்படி செய்திருந்தேன். பழைய இடத்தில், அந்த மூட்டில், முன் சில்லு இறங்கியது, ஏறியது. பிறகு நடுச் சில்லு. பிறகு கடைசி. நிற்கவில்லை. மகள் கன்னத்தை மேசையில் வைத்து, கண்மட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பப்பா என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டாள். பத்தொன்பது வயதில் முதல் தடவையாக. தமிழில் தொடங்கிப் பாதியில் பிரெஞ்சுக்குத் தாவித்தான் சொல்ல முடிந்தது. சிலிப்பர் கட்டைக்கு எனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை, அவள் போனில் தேடி எடுத்தாள்.

"அப்ப இந்த மூட்டைச் சரி செய்யலாமே, அப்பா. ஏன் விட்டு வைச்சிருக்கிறீங்கள்?"

தொடாதே என்றேன். பின்னோக்கி ஓடும்போது கடைசிச் சில்லு இன்னும் மெல்லத் தூக்குகிறது. 11ஆம் எண் நரம்பு கிடைத்தால் மாற்றிப் பார்க்க வேண்டும்.