லயத்துக் கூத்து

றக்வானத் தோட்ட லயங்களிற் பிறந்த எமக்கு முதல் நாடகாசான் மாசிமாதக் காமன் கூத்தே. பகலில் மலையில் உழைத்தவரே இரவில் மதனும் இரதியுமாவர். தப்பொலி கேட்டதும் லயமே திரளும். வாத்தியார் அடியெடுத்துக் கொடுப்பார். முதியோர் பாட்டைத் திருத்துவர். காண்போரும் உடன் பாடுவர். ஆக்கியவர் ஒருவரென எவருங் கூறார்.

பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் கூத்தறிந்த அண்ணாவிமாரையும் மாணவரையும் ஒருங்கு கூட்டியே, விடியுமட்டும் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செறிவாக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. பின்னர் ‘இராவணேசன்’ பிறந்தது.

அன்பார்ந்த மாணவர்காள்! எம் பெற்றோர் 1948இற் குடியுரிமையிழந்த கதையும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் உறவினர் கப்பலேறிப் பிரிந்த கதையும் தனியொருவர் எழுதி முடிக்கத்தக்கன அல்ல. லயத்து முதியோரிடங் கேட்டு, நீவிரே கூடி ஆடியாடி ஆக்குவீர். அவற்றை நேரிற் கண்டோர் அருகி வருகின்றனர், காலந் தாழ்த்தலாகாது.