புள்ளிகள் சேர்த்த காலம்

நாம் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கிய நாளில் அதற்குக் கூலி ஏதும் இல்லை. புறநானூற்றுப் பாடலொன்றின் பாடவேறுபாடு உறக்கத்தைக் கெடுத்தது, எழுதினோம்.

2010இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை எனப் புள்ளிகள், புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு, உயர்வோடு ஊதியம். கட்டுரைகள் பெருகின. பணம் கட்டினால் தலையணைக் கனத்தில் ஓர் ஆய்வுக்கோவை, அதற்கொரு ஐ.எஸ்.பி.என். எண், மாலையில் சான்றிதழ். நாமும் கட்டினோம். ஒரே கட்டுரையை இரண்டாகப் பிளந்து இரு கோவைகளுக்குத் தந்ததும் உண்டு. அவற்றை நாமே மறுமுறை படித்ததில்லை.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். புதிர் விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அப்புதிரை முன்போல் நாடவில்லை. 2018 விதிகள் கல்லூரி ஆசிரியர்க்குப் புள்ளி நெருக்கடியைத் தளர்த்தின. அதன்பின் நாம் எழுதிய கட்டுரை ஒன்றுகூட இல்லை.

ஆயினும், பணம் எதற்கு, ஆர்வம் போதுமே என்று உபதேசிக்க நமக்கு வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் கௌரவ விரிவுரையாளர் அமர்ந்திருக்கிறார். நாம் நடத்தும் அதே பாடம். ஊதியமோ நம்முடையதில் சிறு பகுதி. அவருக்குப் பணம் ஊக்கம் அன்று, சோறு. அதைக் குறைவறத் தந்துவிட்டு, எஞ்சியதை அவரவர் மனத்திடம் விட்டிருக்கலாம்.

சென்ற வாரம் அந்தப் பழைய பாடவேறுபாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். உறக்கம் கெடவில்லை.