"எத்தினை மாதமாம்?"

பெரியம்மா தன்ர வாழ்க்கையில சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் எண்டு தெரிஞ்சதும் ஊர்ச்சனம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில ஆர் சிகரெட் பத்துறது?" இரண்டாவது கேள்வியை அவவுக்குக் கேக்காமல் குசுகுசுத்திச்சினம்: "எத்தினை மாதமாம்?"

ஆங்கில றிப்போட்டுகளை வாசிச்சுச் சொல்லுற வேலை வீட்டில இளசுகளான எங்களுக்கு. நாங்களும் முதலில் தேடியது ஓர் எண்ணைத்தான். அமெரிக்கக் கணக்கின்படி, நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது பிடிபட்டால் நூற்றில் ஏறக்குறைய 60 பேர் 5 வருடங்களைத் தாண்டுகிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் ஏறக்குறைய 10 பேர். பெரியம்மாவுக்கு நாலாம் கட்டம்.

ஆனால் அந்தப் பத்துக்குள் 50 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும், மருந்து எடுத்தவரும் எடுக்காதவரும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். அதுவும் பல வருடங்களுக்கு முதல் நோய் கண்டவர்களின் கணக்கு. அது பெரியம்மாவின் தவணைத் திகதி இல்லை.

பயொப்சியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. புகைக்காத ஆசியப் பெண்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. இதற்கென்றே கெஃபிடினிப், ஒசிமேர்டினிப் போன்ற குளிசைகள் இருக்கின்றன. இவை நோயை முற்றாக மாற்றாது, அடக்கி வைக்கும். ஒருநாள் புற்று இந்த மருந்துக்கும் பழகிவிடும். அப்போது வேறு மருந்து, அல்லது கீமோ.

வலி நிவாரணப் பிரிவுக்குப் போகச் சொன்னபோது வீட்டில் அழுகை. "கைவிட்டிட்டினம்" எண்டு சித்தி சொன்னா. உண்மை வேறு. 2010இல் வெளிவந்த பொஸ்ரன் ஆய்வொன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளர்களில் வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் கிடைத்தவர்களின் நடுநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், கிடைக்காதவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவு.

பெரியம்மாவிட்ட எல்லாத்தையும் சொல்லுறதோ எண்டு வீட்டில ரெண்டு கிழமை சண்டை. கடைசியா அவவிட்டயே கேட்டம்: "எவ்வளவு தெரிய விரும்புறீங்கள், பெரியம்மா?" அவ மாதக்கணக்குக் கேக்கேல்லை. "மூச்சு முட்டாமல் படுக்க ஏலுமோ? சமைக்க ஏலுமோ?" எண்டுதான் கேட்டா.

உங்கட வீட்டிலும் இப்படியொரு றிப்போட் வந்தால் டொக்டரிடம் இவற்றைக் கேளுங்கோ: என்ன வகை? எந்தக் கட்டம்? மரபணுப் பரிசோதனை செய்தாச்சோ? இந்தச் சிகிச்சை மாத்தவோ, அடக்கவோ, வலி குறைக்கவோ? மாதக்கணக்கைக் கேக்கிறதோ இல்லையோ எண்டதை நோயாளியே முடிவெடுக்கட்டும்.