பாட்டனார் வெட்டிய கிணறு

சேலத்திலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. செம்மண் மேடுகள், பாறைக் குன்றுகள், அவற்றிடையே கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை, வரப்போரம் ஆமணக்கு, தொலைவில் புளியமரங்கள். தருமபுரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் காவிரி பேரொலியுடன் வீழ்ந்தாலும், அந்நீர் பள்ளத்தில் ஓடுகிறதேயன்றி மேட்டு நிலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தஞ்சை நாட்டு அன்பர்கள் இதனை வறண்ட பூமி என்பர். நமக்கோ பிறந்த மண்.

சென்ற ஆண்டு கோடையில், பாலக்கோட்டை அடுத்த நமது சிற்றூருக்குச் செல்ல நேர்ந்தது. பாட்டனார் விட்டுச் சென்ற நான்கு ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாமா என்று பேசப் பங்காளிகள் கூடினர். பேரப்பிள்ளைகளில் ஒருவர் என்ற முறையில் நமது கையெழுத்தும் தேவைப்பட்டது. அடுத்த பேருந்துக்கு நேரம் இருந்தமையால் தருமபுரி அகழ்வைப்பகத்துள் நுழைந்து, அங்குள்ள நடுகற்களைப் பார்த்து நின்றோம்.

பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரைகளை மீட்கப் போரிட்டு மாண்ட வீரருக்கு ஊரார் எடுத்த கற்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். பல்லவர் காலத்தனவும் அவற்றுள் உண்டு. மாட்டுக்காக மடிந்தவனின் பெயரைக் கல் சொல்கிறது. அம்மாட்டைக் கட்டி, ஏர் பூட்டி, முதுமைவரை உழுது, பிள்ளைகளுக்குக் கூழ் வார்த்தவனுக்குக் கல் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் எல்லாருக்கும் கல் நடத் தொடங்கினால் உழுவதற்கு நிலம் மிஞ்சாது!

நம் பாட்டனாரின் பெயர் பங்கு ஆலயப் பதிவேடுகளிலும், பிறகு நிலப் பட்டாவிலும் மட்டுமே இருக்கிறது. அந்தப் பட்டாவின் கதைகூட இம்மண்ணோடு தொடர்புடையதுதான். 1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், பாராமகால் எனப்பட்ட இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுபவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை இங்கே வகுத்தனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு இதுவே வித்து. தீர்வை இலேசாக இருக்கவில்லை என்பது வேறு கதை. 1799-ல் மாற்றலாகிச் சென்ற மன்றோ, தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை எண்ணி ஏங்கினார் என்று அவருடைய கடிதங்களால் அறிகிறோம். ஏழாண்டு இருந்தவருக்கே அப்படி!

பாட்டனார் இளவயதில் தம் தம்பியருடன் சேர்ந்து கிணறு வெட்டத் தொடங்கினாராம். அறுவடை முடிந்த கோடை மாதங்களில் மட்டுமே வேலை நடக்கும். கடப்பாரையும் சம்மட்டியும், பாறை கண்டபோது வெடிமருந்தும். நான்கு கோடைகள் சென்றபின் நாற்பதடி ஆழத்தில் ஊற்று கண்டது. மின்சாரம் எங்கள் கழனிக்கு வராத அந்நாட்களில் கவலை கட்டித்தான் நீர் இறைத்தனர். இரு எருதுகள் சரிவில் இறங்கும். அவர் வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையையும் கூட்டுவார். தோற்சால் மேலேறி வந்து நீரைக் கொட்டும். எருதுகள் பின்னடைந்து மறுபடி மேடேறும். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே நடை. ஆறேழு வயதில் அவர் மடியில் நாமும் அந்த வடத்தில் அமர்ந்ததுண்டு. எருதுகள் பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி இனம். குறைந்த தீனி, நிறைந்த உழைப்பு. இன்று அவ்வினம் அருகிவிட்டதால் அதைக் காக்க அரசே ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறது.

விளைந்த கேழ்வரகில் ஒரு பகுதியை அவர் எக்காரணத்தாலும் விற்கமாட்டார். வீட்டின் பின்புறக் குழியில் கொட்டி மூடிவிடுவார். "ஏங்க, பிள்ளைக்குச் சட்டையில்லை, குழியில எதுக்குங்க இவ்வளவு?" என்று பாட்டி கேட்பார். பதில் வராது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் தாயை இழந்த பிள்ளை அவருடைய தந்தை. அப்போது இப்பகுதியையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில், 1871-ல் ஏறத்தாழ 19½ லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-ல் 16 லட்சமாகச் சுருங்கியது. பூச்சியரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கேழ்வரகை மண்ணில் புதைத்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். அவருக்கு அரிசிச் சோறு திருநாளுக்கு மட்டுமே. இன்றோ அரிசியே அன்றாட உணவு. 2023 முதல் நமது மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்குகிறார்கள். கேட்டால் சிரித்திருப்பார்.

பள்ளிப் படிப்பு முடிந்து குருமடம் செல்ல நாம் விரும்பியபோது வீட்டில் அமைதி நிலவியது. மூத்த பேரன், ஏர் பிடிக்க ஒரு கை குறையும். இரண்டு நாள் பாட்டனார் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியபடியே, "போய்ட்டு வா சாமி. ஆனா பாதி உழவுல ஏரை அவுத்துடாதே" என்றார். கலப்பையில் கை வைத்தவரைப் பற்றிய நற்செய்தி வாசகத்தை அவர் கோவிலில் கேட்டிருக்கக்கூடும். எனினும் அன்று அவர் பேசியது தம் கழனியிலிருந்துதான். நமது பெட்டிக்கும் உடைகளுக்கும் பணம் வேண்டி ஒரு கிடாரிக் கன்றை விற்றார் என்பதைப் பாட்டி சொல்லிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம்.

கவலைக்குப் பின் மின்மோட்டார் வந்தது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அவை நூறடி, ஐந்நூறடி, ஆயிரமடி என்று இறங்க இறங்கப் பாட்டனாரின் கிணறு வறண்டது. ஆழத்துப் பாறை நீரிலோ புளோரைடு மிகுதி. நமது ஊர்ப் பிள்ளைகள் பலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது அதனாலேயே. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு குடிநீருக்கு ஆறுதல் கிடைத்தது. கழனிக்கு இல்லை.

ஆகவே விற்க விரும்பியோரை நாம் குறை கூறவில்லை. ஒருவர் மகளின் திருமணத்துக்காகக் கடன்பட்டிருந்தார். "தாத்தா நிலத்தைக் காத்தது பிள்ளைங்களுக்காகத்தானுங்களே, சாமி? அது பிள்ளைங்களுக்கு உதவினா என்னங்க தப்பு?" என்றார். நியாயமான கேள்வி; நம்மிடம் மறுமொழி இல்லை. கிணறும் புளியமரங்களும் உள்ள ஒரு ஏக்கரை நிறுத்திக்கொண்டு மற்ற மூன்றை விற்றால் போதுமா என்று மட்டும் கேட்டோம். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார்கள். கடன்பட்டவரின் பங்கில் சிறிது துண்டு விழுந்தது. நமது பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்ததும் கணக்கு நேரானது. மாலையாவதற்குள் கையெழுத்திட்டோம்.

மூன்று ஏக்கர் போயிற்று. ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் தம்பி மகன், ஆடி பிறக்குமுன் விடுப்பெடுத்து வந்து, நான்கு ஆட்களை வைத்துக் கிணற்றைத் தூர் வாரினான். பதினைந்தடிச் சேறும் அதற்கு மேல் நெகிழிக் குப்பையும் வெளியே வந்தனவாம். ஐப்பசி மழைக்குப் பின் இடுப்பளவு நீர் நிற்பதாகத் தொலைபேசியில் தெரிவித்தான். மீன் குஞ்சு விடலாமா, பெரியப்பா என்றும் கேட்டான்.