வாபாஷ் நதிக்கரையிலே

இண்டியானா மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், வாபாஷ் நதி வளைந்து செல்லும் ஓரிடத்தில், நியூ ஹார்மனி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 700. நம் பக்கத்துக் கிராமங்கள் பல இதைவிடப் பெரியவை. எவன்ஸ்வில் நகரிலிருந்து மோட்டாரில் முக்கால் மணி நேரப் பிரயாணம். வழி நெடுக அப்போதுதான் முளைவிட்ட மக்காச்சோள வயல்கள். இடையிடையே வெள்ளைச் சாயம் பூசிய களஞ்சியங்கள். மனித நடமாட்டமே இல்லை.

என் தம்பி அந்தப் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு அவன் வீட்டுக்குச் சென்றிருந்த என்னிடம், "நயாகராவுக்குப் போகலாம், அண்ணா" என்றான். "நியூ ஹார்மனிக்குப் போகலாம்" என்றேன் நான். அங்கே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டான். அவன் அந்த ஊருக்கு அருகே நான்கு வருஷமாக வசிப்பவன்.

அங்கே எனக்கு ஒரு கடன் இருந்தது. சரித்திர வகுப்பில் ஆண்டுதோறும் ராபர்ட் ஓவனைப் பற்றி ஒரு பத்தி நடத்துகிறேன். "ஓவன் அமெரிக்காவில் ஒரு சமத்துவக் குடியேற்றத்தை நிறுவினார், அது தோல்வியுற்றது" என்று அதில் ஒரு வாக்கியம் வரும். சென்ற ஆண்டு கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஏன் ஸார் தோற்றது?" என்று கேட்டான். புத்தகத்தில் காரணம் இல்லை. என்னிடமும் இல்லை. மனித சுபாவம் என்று ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் உட்கார்ந்தான், ஆனால் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

முதலில் நாங்கள் சென்றது இடுகாட்டிற்கு. செங்கல் மதில் சூழ்ந்த பெரிய புல்வெளி அது. உள்ளே ஒரு கல்லறைக் கல்கூட இல்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, சிலுவையும் இல்லை. தம்பியின் மகள், பத்து வயதுக் குழந்தை, "பெரியப்பா, இது மைதானமா?" என்று கேட்டாள். அந்தப் புல்லுக்கடியில் சுமார் 230 பேர் உறங்குகிறார்கள். உயிரோடு இருக்கையில் சமமாக வாழ்ந்தவர்கள், இறந்த பின்னும் ஒருவருக்கொருவர் ஏற்றத்தாழ்வு வேண்டாமென்று பெயரைக்கூடப் பொறித்துக்கொள்ளாமல் போய்விட்டார்கள். புல்வெளியின் நடுவே சில மண்மேடுகள் தெரிகின்றன. அவை இன்னும் பழையவை. வெள்ளையர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் எழுப்பியவை. புது உலகம் சமைக்க வந்தவர்கள் பழைய உலகத்தின் சமாதிகளுக்கிடையே தங்கள் பிரேதங்களைப் புதைத்தார்கள்.

இந்த ஊரை உண்டாக்கியவர் ஓவன் அல்லர். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டிலே பிறந்து, நெசவுத் தொழில் பயின்ற ஜார்ஜ் ராப் என்ற பக்தர். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போக மறுத்து, சீடர்களோடு கப்பலேறி வந்தார். 1804-ல் பென்சில்வேனியாவில் ஹார்மனி என்ற ஊரை அமைத்தார். ஹார்மனி என்றால் இசைவு. அடுத்த வருஷம் எல்லோரும் தங்கள் சொத்துக்களைப் பொதுவில் சேர்த்துவிட்டார்கள். 1807 முதல் பிரமசரியமும் அனுஷ்டானத்துக்கு வந்தது. 1814-ல் இண்டியானாவிற்குக் குடிபெயர்ந்தார்கள். நதிக்கரைச் சதுப்பு நிலம். மலேரியாக் காய்ச்சல் முதல் சில வருஷங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. இருந்தும் சதுப்பை வடித்தார்கள், திராட்சை பயிரிட்டார்கள், கம்பளி நெய்தார்கள், சாராயமும் காய்ச்சினார்கள். பத்தே வருஷத்தில், காட்டின் நடுவே சுமார் 180 கட்டடங்கள் கொண்ட ஊர் எழுந்துவிட்டது. அவர்கள் சரக்கு நதி வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை சென்றது.

அவர்கள் கட்டிய மரவீடுகள் சில இன்றும் நிற்கின்றன. உத்திரங்களை ஒரே அளவில் அறுத்து, ரோமன் இலக்கங்களைச் செதுக்கி, எண் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். சுவர்களின் இடுக்கில் வைக்கோலும் மண்ணும் சுற்றிய மரத்துண்டுகளை அடைத்திருப்பது குளிரைத் தடுப்பதற்காக. அலங்காரம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு கதவாவது இருநூறு வருஷத்தில் சாய்ந்துவிடவில்லை. நம் பள்ளிக்கூடக் கட்டடத்தை நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகை சமீபத்தில் இருக்கிறது என்பது ராப்பின் நம்பிக்கை. வரப்போகும் நாயகனுக்காகவே அத்தனை உழைப்பும் சேமிப்பும். இத்தனை செழிப்பிலும் 1824-ல் ஊரை விற்றுவிட்டு மீண்டும் பென்சில்வேனியாவுக்கே திரும்புவதென்று தீர்மானித்தார்கள். அங்கே எக்கானமி என்ற மூன்றாவது ஊரைக் கட்டினார்கள். ராப் 1847-ல் காலமானார். அவர் எதிர்பார்த்த நாயகன் வரவில்லை. பிள்ளைகள் பிறவாத சங்கம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, 1905-ல் கலைந்தது.

ஊரை விலைக்கு வாங்கியவர்தான் ராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தவர். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைப்பதில்லை என்று நிறுத்தியவர். அந்தக் குழந்தைகளுக்காக 1816-ல் பள்ளிக்கூடம் திறந்தவர். மனிதனுடைய குணத்தை அவன் தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை, சூழ்நிலையே உண்டாக்குகிறது என்பது அவர் சித்தாந்தம். சூழ்நிலையை மாற்றினால் மனிதன் மாறுவான் அல்லவா? 1825 ஜனவரியில் ஒன்றேகால் லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஊரையும் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் வாங்கினார். அடுத்த இரண்டு மாதங்களில் வாஷிங்டனில் பிரதிநிதி சபை மண்டபத்திலே இருமுறை பிரசங்கம் செய்தார். ஜனாதிபதி முன்ரோவும், பதவியேற்கவிருந்த ஆடம்ஸும் உட்கார்ந்து கேட்டார்கள். விருப்பமுள்ளவர் எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார். வந்தார்கள். சில மாதங்களில் எண்ணூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள்.

எல்லோரும் என்றேன், ஒரு திருத்தம். 1825-ல் எழுதிய சங்க விதியில், நிறம் கொண்டவர்கள் அங்கத்தினராக முடியாது என்று தெளிவாக இருக்கிறது. உதவியாட்களாக வேண்டுமானால் இருக்கலாம். சமத்துவத்துக்கென்றே கட்டிய கோயிலில் வாசற்படியிலேயே ஒரு வரம்பு! இதை அங்கே படித்தபோது எனக்குச் சிறிது நேரம் வேறொன்றும் ஓடவில்லை. இதைச் சரிசெய்ய முயன்றவர் என்று பிரான்ஸிஸ் ரைட் என்ற மாதைச் சொல்லவேண்டும். டென்னஸியில் நஷோபா என்ற இடத்தில், அடிமைகள் உழைத்துத் தம் விடுதலையைத் தாமே ஈட்டிக்கொள்ளும் ஒரு பண்ணையை நடத்தினார். அதுவும் நிலைக்கவில்லை. 1830-ல் அங்கிருந்த சுமார் முப்பது பேரை ஹெய்ட்டித் தீவுக்கு அழைத்துச் சென்று சுதந்தரமாக விட்டார்.

ஓவன் ஊரை வாங்கினாரே தவிர, ஊரில் தங்கவில்லை. இருபது வயது சற்றே கடந்த மகன் வில்லியத்திடம் பொறுப்பை விட்டுவிட்டு, மேலும் ஆட்களைத் திரட்ட 1825-ல் புறப்பட்டுப் போய்விட்டார். அவர் திரும்பிய காலத்தில்தான் அந்தப் பிரசித்தமான படகும் வந்தது. பூகர்ப்ப சாஸ்திரி வில்லியம் மக்ளூர், பூச்சியியல் நிபுணர் தாமஸ் ஸே, சித்திரக்காரரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான லெஸ்யூர், பெஸ்டலோஜி முறையில் தேர்ந்த ஆசிரியை மேரி பிரட்டாஷோ ஆகியோரைச் சுமந்துகொண்டு, ஒஹையோ நதியில் பனிக்கட்டியில் சிக்கி ஒரு மாதம் போலக் கிடந்து, 1826 ஜனவரியில் வந்து சேர்ந்தது. 'அறிவை ஏற்றிய படகு' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அறிவு வந்தது. வராதவர்கள் குயவர்களும் சாயக்காரர்களும். ராப்பின் ஆட்கள் விட்டுச்சென்ற குயவர் சாலையும் சாயச் சாலையும் ஆளின்றிச் சும்மா கிடந்ததை அந்த ஊர்ப் பத்திரிகையே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரசங்கம் நடந்தது, வாரந்தோறும் நடனமும் சங்கீதமும் நடந்தன, அமைப்பு விதிகளை மாற்றி மாற்றி எழுதினார்கள். 1826 பிப்ரவரியில், இனி எல்லோருக்கும் எல்லாம் சமம் என்று புது விதி வந்தது. உடனே சங்கம் பிளவுபட ஆரம்பித்தது. பிரிந்த கூட்டம் ஒன்றுக்கு மக்ளூரியா என்று பெயர். இன்னொன்றுக்கு 'ஃபைபா பெவலி' என்று பெயர். ஊரின் அட்சரேகை தீர்க்கரேகைகளை எழுத்துக்களாக மாற்றி ஒரு கட்டடக் கலைஞர் கண்டுபிடித்த பெயர்! உலகத்தில் எல்லா ஊர்களுக்கும் இப்படியே பெயரிட்டால் ஒரே பெயர் இரண்டு ஊருக்கு வராது என்பது அவர் யோசனை. உழுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் பெயர் வைப்பதற்கு ஆள் இருந்தது.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் வைக்காமல், முறை போட்டுச் சமைத்துச் சாப்பிடுவதென்று ஏற்பாடு செய்தோம். முதல் வாரம் முழுவதும் விதிகள் எழுதினோம். ஏழாவது மாதம், சோற்றுப் பானை தேய்க்கும் விஷயத்தில் அந்தக் குடியரசு கவிழ்ந்தது. பானையை அதிகமாகத் தேய்த்தவன் ஒருவன். அதிகமாகப் பேசியவன் நான்.

நியூ ஹார்மனியிலும் பானை தேய்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. பொது வேலையும் செய்து, வீட்டு வேலையும் செய்தார்கள். அக்காலத்தில் அங்கிருந்து பெண்கள் எழுதிய கடிதங்களில் அலுப்பும் ஏக்கமும் நிறைந்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக என்னால் முடியாது. ஆண் பெண் பேதமின்றி, சிசுக்கள் முதல் பெரியவர் வரை கல்வி. நெட்டுருவுக்குப் பதில் கண்ணால் கண்டு கையால் தொட்டு அறிதல். அச்சு, தச்சு முதலிய தொழில்களும் சேர்ந்தே. இன்றைக்கும் நாம் அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கும் இலட்சியம் இதுதான். ஆனால் பெற்றோரின் பழைய பழக்கங்கள் தொற்றாமலிருக்கக் குழந்தைகளைத் தனி விடுதியில் வைத்தார்கள். அங்கே சிறுமியாக இருந்த ஒரு பெண்மணி, இரண்டு வருஷத்தில் தாய் தந்தையரை இரண்டே முறைதான் பார்த்ததாக முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். நான் படித்துக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்திலே தம்பி மகள் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

1827-ல் ஓவன் விடைபெற்றுச் சென்றார். அவருடைய செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த நதிக்கரையில் கரைந்துவிட்டது. அவர் மகன் ராபர்ட் டேல் ஓவன் 1874-ல் வெளியிட்ட சுயசரிதையில் காரணங்களை ஆராய்ந்திருக்கிறார். வந்தவரையெல்லாம் தேர்ந்தெடுக்காமல் சேர்த்தது ஒரு பிழை. தேர்ந்த தொழிலாளிக்கும் சோம்பேறிக்கும் ஒரே ஊதியம் என்பது மற்றொரு பிழை. தகப்பனார் மீது அன்பு குறையாமலே இதைச் சொல்கிறார். வாத்திய கோஷ்டியை நடத்திய ஜோஸையா வாரன் என்பவர் நேர்மாறான மார்க்கத்துக்கே போய்விட்டார். ஒவ்வொருவனும் தனித்தனியே சுதந்தரமாயிருப்பதே இசைவுக்கு வழி என்று தீர்மானித்து, சின்சினாட்டியில் 1827-ல் ஒரு கடை திறந்தார். அங்கே பொருளின் விலை அதற்குச் செலவான உழைப்பு நேரம்.

என் மாணவனுக்கு இவற்றைச் சொல்லலாம். ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ராப்பின் ஆட்கள் ஒரே பாஷை, ஒரே மதம், ஒரே குரு, ஒரே துன்பம் கண்டவர்கள். அவர்கள் சங்கம் நூறு வருஷம் நின்றது. ஆனால் அவர்களைச் சேர்த்து வைத்தது சமத்துவம் மட்டுமா, ராப்பின் சொல்லுக்கு மறுசொல் இல்லாமையுமா? ஓவனிடம் அத்தகைய அதிகாரமும் இல்லை. உடனிருந்து உழைக்கும் பொறுமையும் இல்லை. அயோவா மாகாணத்து அமானா கிராமங்களும் பக்தியின் பலத்தில் 1855 முதல் 1932 வரை பொதுவாழ்வு நடத்தின. மாஸச்சூஸெட்ஸில் எழுத்தாளர்களும் அறிவாளிகளும் கூடி அமைத்த புரூக் பார்ம் 1841-ல் தொடங்கி ஆறு வருஷத்தில் முடிந்தது. நம்பிக்கையுள்ளவர்களுக்கு ஆயுள் அதிகம். கேள்வி கேட்பவர்களுக்குக் குறைவு. இதில் எது மேல் என்று வகுப்பில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

தோற்ற ஊர் வெறும் ஊராகிவிடவில்லை. ஓவனின் பிள்ளைகள் இங்கேயே தங்கினார்கள். ஒருவர் காங்கிரஸ் அங்கத்தினராகி, 1846-ல் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தை ஏற்படுத்தும் மசோதாவுக்காகப் பாடுபட்டார். டேவிட் டேல் ஓவன் இந்தச் சிற்றூரிலிருந்தே நாட்டின் பூகர்ப்ப ஆராய்ச்சியை நடத்தினார். தாமஸ் ஸே சிப்பிகளைப் பற்றிய நூலை இங்கேயே அச்சிட்டார். அதற்குச் சித்திரம் வரைந்தவர் அவர் மனைவி லூஸி. 1838-ல் மக்ளூர் தொழிலாளருக்காக நிறுவிய நூலகம் இன்றும் நடக்கிறது. உள்ளே சென்றேன். முதியவர் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நின்றார்கள். ஒன்று தாமதம் போலும், நூலக அம்மாள் அன்போடு கண்டித்தார்.

மாலையில், வேலிச்செடிகளை வட்ட வட்டமாக வளர்த்த புதிர்வழித் தோட்டத்தில் குழந்தை அரை மணி நேரம் வழி தெரியாமல் ஓடினாள். ராப் காலத்துத் தோட்டத்தைப் பின்பற்றி பிற்காலத்தில் அமைத்தது. பழைய தோட்டத்தின் நடுவிலிருந்த குடிசை வெளியே கரடுமுரடாகவும் உள்ளே அழகாகவும் இருந்ததாம். பிறகு நதிக்கரைக்குப் போனோம். இல்லினாய் மாகாணத்துக்குச் செல்லும் இரும்புப் பாலம் 2012-ல் மூடப்பட்டுவிட்டது. வண்டி போகாத பாலத்தின் கீழே வாபாஷ் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

தெருக்களெங்கும் ஒருவகை மரம். சீன தேசத்திலிருந்து வந்தது. 'பொன்மழை மரம்' என்று சொல்கிறார்கள். பூத்தால் ஊரே மஞ்சளாகிவிடுமாம். "இப்போது ஒரு பூவும் இல்லையே, பெரியப்பா?" என்றாள் குழந்தை. ஜூன் மாதம்தான் பூக்கும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு மே 28-ந் தேதி விமானம்.