பியாஸ் பள்ளத்தாக்கில் மணியுடன்

கோடை விடுமுறை பிறந்ததும் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மலைநாடு நோக்கிப் புறப்படுவது வழக்கம். ஆயினும் வீட்டில் நாய் வளர்க்கும் அன்பர் சிலர், அதனை யாரிடம் ஒப்படைப்பது என்னும் கவலையால் பயணத்தையே கைவிடுகின்றனர். அவ்வாறு கைவிட வேண்டுவதில்லை. ஆனால் விழிப்பாயிருத்தல் வேண்டும். குலு பள்ளத்தாக்கில் எங்கள் மணியுடன் நடந்த சில நாட்களைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

ரோதங் கணவாய்ப் பகுதியில் பிறக்கும் பியாஸ் ஆறு, மணாலி, குலு, மண்டி ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 470 கிலோமீட்டர் ஓடி, பஞ்சாபில் ஹரிகே அருகே சட்லெஜ் ஆற்றுடன் கலக்கிறது. வடமொழி நூல்கள் இதனை விபாசா என்று போற்றும். உலகையே வெல்ல வந்த அலெக்சாந்தரின் படை, கி.மு. 326-இல் மேலே செல்ல மறுத்து நின்றது கீழ்ச் சமவெளியில் இவ்வாற்றங்கரையில்தான். அப்பெரும்படை சோர்ந்த ஆற்றின் கரையில் எங்கள் மணி சோர்வென்பதையே அறியவில்லை!

நடப்போர்க்கு ஏற்றது ஆற்றின் இடக்கரைச் சாலை. மணாலியிலிருந்து ஜகத்சுக் வழியாக நக்கர் வரை, ஒருபுறம் ஆப்பிள் தோட்டங்களும் மறுபுறம் தேவதாரு மரங்களும் துணை வருகின்றன. நக்கர் முன்னாளில் குலு மன்னர்களின் தலைநகர். ருஷ்ய ஓவியர் நிகொலாய் ரோரிக் 1947-இல் மறையும்வரை வாழ்ந்த இல்லமும் இவ்வூரிலேயே உள்ளது. காலைக் குளிரில், ஈர மண்ணை முகர்ந்துகொண்டே முன்னே செல்லும் மணியைக் கண்டு மலைச் சிறுவர்கள் கைகொட்டி மகிழ்ந்தனர்.

இப்பள்ளத்தாக்கில் கத்தி என்னும் இடையர் மக்கள் கோடையில் மந்தைகளை உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வர். மந்தையைக் காக்கும் அவர்தம் நாய்கள் அடர்ந்த மயிரும் அஞ்சாத நெஞ்சும் உடையவை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க, இரும்பு முட்கள் பதித்த பட்டையை அவற்றுக்கு அணிவிப்பதும் உண்டு. 2005-இல் நம் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகள் நான்கனுள் இமயத்து ஆட்டுநாயும் நம் இராஜபாளையம் நாயும் உடனிருந்தன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் மந்தை எதிர்ப்பட்டால் உறவு கொண்டாட வேண்டா. நம் நாயை வாரில் பிடித்து ஓரமாக நின்று வழிவிடுவதே நலம். இருட்டிய பின் நாயை வெளியே கட்டிவைத்தலும் ஆகாது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை.

இவை யாவற்றினும் பெரிய அபாயம் ஆறே. கோடையில் பகல் வெயிலில் பனி உருகுவதால், காலையில் தாழ்ந்திருக்கும் நீர் பிற்பகலுக்குப் பின் உயர்கிறது. காலையில் மணி சுகமாகப் படுத்திருந்த பாறையை மாலையில் தேடினோம். அங்கே நுரைத்தோடும் நீரன்றி வேறொன்றும் இல்லை. அணைகளின் கீழ்ப்பகுதியிலோ நீர் கணப்பொழுதில் பெருகிவிடும். 2014 ஜூன் 8 அன்று மண்டி மாவட்டத்துத் தலோட் அருகே, லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் திடீரெனப் பெருகியதில், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து ஆற்றில் நின்ற 24 மாணவ மாணவியர் அடித்துச் செல்லப்பட்டனர். 2023 ஜூலை வெள்ளத்தில் கரையோரச் சாலைகளும் கட்டடங்களும் சரிந்தன. ஆதலின் மழைக்காலத்தில் இப்பயணம் வேண்டா.

பந்தை எறிந்து நாயை நீருக்குள் ஓடவிடுவது டில்லிப் பூங்காவின் குளத்தில் விளையாட்டாகலாம். பனிநீர் பாயும் பியாஸில் அது உயிரோடு விளையாடுவதாகும். நாய் நீரில் இழுக்கப்பட்டால் அதனை மீட்கக் குழந்தைகள் பின்னே பாய்வர். குழந்தைகளை மீட்கப் பெற்றோர் பாய்வர். ஒரு முழ வாரை அலட்சியம் செய்வதால் ஒரு குடும்பமே துன்புறலாம்.

புறப்படுமுன் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இட்டு அதன் சான்றையும் எடுத்துக்கொள்க. தங்கும் விடுதியினர் நாயை ஏற்பரா என்று முன்னரே எழுதிக் கேட்டறிக. ஆற்றோரம் செல்லும்போது வாரைப் பெரியவர் ஒருவரே பிடித்துக்கொள்க. நீருக்கும் உமக்கும் இடையே பத்து அடியேனும் விட்டு நடக்க. இவ்வளவும் செய்தபின் பியாஸின் அழகைக் கண்ணாரப் பருகலாம். உம் நாயும் தன் பங்குக்கு மூக்காரப் பருகும்.